ஆக்ஸ்ஃபோர்டும் சுற்றியுள்ள கிராமங்களும்: மூன்று நாளில் நிதானமாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆக்ஸ்ஃபோர்டு, பைபரி, ஸ்ட்ராட்ஃபோர்டு மூன்றையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று லண்டனில் டூர் பஸ்காரர்கள் அழைப்பார்கள். போகாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேரம் விடுவார்கள். அதற்குள் ஒரு கல்லூரி வாசலில் நின்று போட்டோ எடுக்கலாம், ஒரு காபி குடிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஊரையும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்லூரிகளின் தேன் நிறக் கல்லில் நல்ல பகுதி பர்ஃபோர்டு என்ற ஊர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் வெட்டியது. கிரைஸ்ட் சர்ச் கல்லூரி வாசலில் நிற்கும் டாம் டவருக்குப் படம் வரைந்தவர் கிறிஸ்டோஃபர் ரென். அதைக் கட்டி எழுப்பிய கொத்தனார் கிறிஸ்டோஃபர் கெம்ப்ஸ்டர், பர்ஃபோர்டுக்காரர், சொந்தமாகக் கல் சுரங்கம் வைத்திருந்தவர். நகரத்தில் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அந்தக் கல் பிறந்த இடத்தில் நடந்தால் இரண்டும் புரியும். அதற்குத்தான் மூன்று நாள் கேட்கிறேன்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது, அறை பிடிப்பது

பல்கலைக்கழகத்துக்கு ஆண்டில் மூன்று பருவம், ஒவ்வொன்றும் எட்டு வாரம். அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களில் தொடங்கும். பருவம் நடக்கும்போது ஊர் உயிரோடு இருக்கும். ஆனால் பல கல்லூரிகள் பிற்பகலில் மட்டுமே உள்ளே விடும். மே, ஜூனில் தேர்வு நடப்பதால் சில கல்லூரிகள் சொல்லாமல் கொள்ளாமல் கதவைச் சாத்திவிடும். அதே நாட்களில்தான் கறுப்பு அங்கியில் பூ செருகிய மாணவர்களைத் தெருவில் பார்க்கலாம். முதல் தேர்வுக்கு வெள்ளை, நடுவில் உள்ளவற்றுக்கு இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு.

என் கணக்கில் ஏப்ரல் கடைசியும் செப்டம்பரும் உத்தமம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், கிராமத்தில் நடக்க முடியாது. ஜூனிலோ இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும்.

ஹோட்டல் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். விடுமுறைக் காலத்தில் கல்லூரிகளே மாணவர் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. கட்டில் சின்னது, குளியலறை சில இடங்களில் பொது. ஆனால் பல கல்லூரிகளில் காலை உணவு பழைய சாப்பாட்டுக் கூடத்திலேயே கிடைக்கும். வேறு எப்படியும் உள்ளே போக முடியாத கல்லூரிக்குள் இரவில் சாவியோடு நடந்து போவது தனி சுகம். கோடைக்கு ஓரிரு மாதம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: போய்ச் சேர்வது

லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேரிலெபோனிலிருந்தும் ரயில் உண்டு. ஹீத்ரோவில் இறங்குபவர்கள் லண்டனுக்குள் போகவே வேண்டாம், விமான நிலையத்திலிருந்தே ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேரடிக் கோச் இருக்கிறது. பெட்டிகளோடு வருபவர்களுக்கு அதுதான் வசதி.

கார் வாடகைக்கு எடுத்தால் ஊருக்குள் கொண்டுவராதீர்கள். மையத் தெருக்களில் கட்டணமும் கேமராவும் உண்டு, நிறுத்த இடமும் கிடைக்காது. ஊர் எல்லையில் பார்க் அண்ட் ரைடு நிலையங்கள் உள்ளன. அங்கே நிறுத்திவிட்டு பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸில் ஏறும்போது வங்கிக் கார்டைத் தட்டினால் போதும். ஒரு வழிப் பயணக் கட்டணத்துக்கு இங்கிலாந்து அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025ல் அது 3 பவுண்டு. கிராமத்துக்குப் போகும் நீண்ட பஸ்ஸுக்கும் இதே வரம்பு என்பதுதான் நமக்கு லாபம்.

மூன்றாம் படி: முதல் நாள், ஊரின் நடுவே

காலையில் கதவு திறந்ததும் ஹை ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போங்கள். கோபுரத்துக்கு 127 படி. மேலே போகப் போக வளைந்த படிக்கட்டு ஒரு ஆள் அகலத்துக்குக் குறுகும். எதிரே இறங்கி வருபவருக்கு வழிவிட இடம் தேட வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம். மேலே நின்றால் எதிரில் ராட்கிளிஃப் கேமராவின் வட்டக் கோபுரம். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைப்பில் 1737 முதல் 1749 வரை கட்டிய நூலகம் அது. அதைவிட முக்கியம், தெருவில் நடக்கும்போது வெறும் மதிலாகத் தெரிந்ததெல்லாம் மேலிருந்து புல்வெளியும் முற்றமுமாக விரியும். இந்த ஊரே மதிலுக்குள் இருப்பது. முதலில் இதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்த வாசலில் காசு கொடுத்து நுழைவது என்று முடிவு செய்வது சுலபம்.

கீழே இறங்கியதும் நேராக வெளியே போய்விடாதீர்கள். பிரசங்க மேடைக்கு எதிரே உள்ள தூணில் ஓரிடத்தில் கல்லை வெட்டி எடுத்திருப்பார்கள். ஆர்ச்பிஷப் தாமஸ் கிரான்மரை நிற்க வைக்க மேடை கட்டுவதற்காக வெட்டியது. 1556 மார்ச் 21 அன்று, தன் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கொள்கையை அவர் எல்லார் முன்னாலும் கைவிடுவார் என்று எதிர்பார்த்து இங்கே நிறுத்தினார்கள். அவரோ, கைவிட்டதாக முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்ததைத்தான் மறுத்தார். இங்கிருந்து பிராட் ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துப் போய் எரித்தார்கள். கையெழுத்திட்ட வலது கையை முதலில் தீயில் நீட்டினார் என்கிறது வரலாறு. பேலியல் கல்லூரிக்கு எதிரே தார்ச்சாலையின் நடுவில் கல் பதித்த ஒரு சிலுவை இருக்கிறது. சைக்கிள்கள் அதன் மேலேயே போகும். அதே கொள்கைக்காக பிஷப்கள் லாட்டிமர், ரிட்லி இருவரையும் அதற்கு முந்தைய அக்டோபரில் எரித்ததும் அங்கேதான்.

இரண்டுக்கும் நடுவில் போட்லியன் நூலகம். வெளி முற்றத்துக்குக் காசு இல்லை. டிக்கெட் வாங்கினால் டிவினிட்டி ஸ்கூல் என்ற 15ஆம் நூற்றாண்டுக் கூடத்துக்குள் விடுவார்கள். கூரையில் செதுக்கிய 455 கல் பூ முடிச்சுகள், கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். பழைய வாசிப்புக் கூடத்தைப் பார்க்க வழிகாட்டியோடு போகும் சுற்று உண்டு, முன்பதிவு அவசியம். நூலகத்துக்குள் நெருப்புக் கொண்டுவர மாட்டேன் என்று புது வாசகர்கள் இன்றும் உறுதிமொழி எடுக்கிறார்கள்.

பிராட் ஸ்ட்ரீட்டின் கிழக்கு முனையில் நின்று மேலே பாருங்கள். ஒரு கோபுர உச்சியில் காற்றுத் திசைகாட்டியாக யானை நிற்கும். சமஸ்கிருதப் பேராசிரியர் மோனியர் வில்லியம்ஸ் முயற்சியில் எழுந்த பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட் அது. இந்தியாவுக்குப் போகும் அதிகாரிகள் நம் மொழிகளைப் படித்த இடம். இன்று வேறு ஆய்வு நிறுவனம் இயங்குகிறது, யானை மட்டும் இறங்கவில்லை. ராட்கிளிஃப் சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் ஆல் சோல்ஸ் கல்லூரி, திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் இருந்த இடம். 1936 முதல் 1952 வரை கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர் அவர்.

மதியச் சாப்பாட்டுக்கு 1774ல் தொடங்கிய கவர்டு மார்க்கெட். இறைச்சிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை, கேக் கடை எல்லாம் ஒரே கூரைக்குள். சைவக்காரர்களுக்கும் நிறைய கிடைக்கும். எங்கே உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கினாலும் மீன் பொரித்த எண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். இரவுக்குக் கௌலி ரோடு பக்கம் போனால் இந்திய, அரபு, கரீபியச் சாப்பாடு நியாயமான விலையில்.

பிற்பகலில் ஒரே ஒரு கல்லூரி. நான்கைந்து பார்த்தால் எல்லா முற்றமும் மனசில் ஒன்றாகிவிடும். எல்லாரும் கிரைஸ்ட் சர்ச்சுக்கு வரிசை கட்டுவார்கள், டிக்கெட்டும் விலை அதிகம். நான் அனுப்புவது மாட்லினுக்கு: மான்கள் மேயும் புல்வெளி, செர்வெல் ஆற்றோரம் அடிசன்ஸ் வாக் என்ற மர நிழல் பாதை, 44 மீட்டர் உயரக் கோபுரம். மே 1 விடியற்காலை ஆறு மணிக்கு அந்தக் கோபுர உச்சியில் பாடகர் குழு பாட, கீழே பாலத்தில் ஊரே கூடி நிற்கும். வரலாறு பிடித்தவர்கள் நியூ காலேஜுக்குப் போகலாம். பெயர் புதிது, தொடங்கியது 1379. நகரத்தின் பழைய கோட்டை மதில் அதன் தோட்டத்துக்குள் முழு உயரத்தில் நிற்கிறது. மதிலைப் பராமரிப்போம் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நகர மேயர் வந்து பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு.

கிரைஸ்ட் சர்ச்சைக் காசில்லாமல் பார்க்கவும் வழி இருக்கிறது. கல்லூரித் தேவாலயமே மறைமாவட்டப் பேராலயமும் என்பதால், பெரும்பாலான நாட்களில் மாலை ஆறு மணிக்கு ஈவன்சாங் என்ற பாட்டு வழிபாடு நடக்கும். யாரும் போகலாம், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். முக்கால் மணி நேரம் அமைதியாக உட்காருங்கள், போட்டோ எடுக்காதீர்கள். அப்படியே இரவு 9.05க்கு டாம் டவர் பக்கம் வந்தால் பெரிய மணி 101 முறை அடிப்பதைக் கேட்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் சூரிய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால். இந்த ஒரு மணிக்கு மட்டும் அவர்கள் இன்னும் அந்தப் பழைய நேரத்தில்தான் இருக்கிறார்கள்.

நான்காம் படி: இரண்டாம் நாள், ஜி.யு. போப் கல்லறையும் ஆற்றங்கரையும்

காலையில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். தமிழருக்கு இந்த இடத்தோடு ஒரு வழக்கே உண்டு. கும்பகோணம் அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த திருமங்கை ஆழ்வார் செப்புத் திருமேனியை 1967ல் லண்டன் ஏலத்தில் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. அதே சிலை கோயிலில் இருந்ததற்கு 1957ல் எடுத்த புகைப்படம் சான்றாகக் கிடைத்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தருவதை ஆதரித்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு இந்தியக் கூடத்தில் நடந்தால் ஒவ்வொரு சிலைக்கும் கீழே உள்ள ‘எப்படி வந்தது’ என்ற வரியைப் படிக்காமல் நகர மாட்டீர்கள். குழந்தைகளோடு வந்தால் ஆஷ்மோலியனைச் சுருக்கிக்கொண்டு பிட் ரிவர்ஸ், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டுக்கும் போங்கள். ஒரே கட்டடம், இரண்டும் இலவசம், டோடோ பறவையின் எச்சமும் அங்கேதான்.

ஆஷ்மோலியனிலிருந்து வால்டன் ஸ்ட்ரீட் வழியாக வடக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம். கடைகளுக்கு நடுவே ஒரு குறுகலான சந்து, முடிவில் வாயில் வீடு. கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவது சுலபம். 1848ல் திறந்த இந்தத் தோட்டத்தில்தான் ஜி.யு. போப் இருக்கிறார். 1839ல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்திலும் பிற ஊர்களிலும் வாழ்ந்து, பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886ல், திருவாசகம் 1900ல், எண்பது வயதில். 1908ல் இறந்தார்.

‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அவர் கல்லறையில் எழுதியிருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம், மேடையில் கேட்டிருப்போம். கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. குனிந்து படித்தால் இருப்பது வேறு: பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர் என்றும், பேலியல் கல்லூரிப் போதகர் என்றும், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து நிறுவினார்கள் என்றும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இங்கிருந்து ஒருவர் நம்மைப் பாராட்டிச் சொன்ன வாசகத்தைவிட, அங்கிருந்து நம்மவர்கள் காசு திரட்டி அனுப்பியது பெரிய விஷயம். அவர் வேலை பார்த்த பேலியலின் தலைவர் ஜோவெட்டின் கல்லறையும் இதே தோட்டத்தில் இருக்கிறது.

அங்கிருந்து வால்டன் வெல் ரோட்டைப் பிடித்தால் போர்ட் மெடோ. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக உழாத மேய்ச்சல் நிலம், 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கு ஏட்டிலேயே பதிவு உண்டு. மாடும் குதிரையும் வாத்தும் தம் பாட்டுக்கு மேயும். கன்றோடு நிற்கும் பசுவிடமிருந்து தள்ளி நடங்கள்; நம் ஊர் மாடு மாதிரி மனிதக் கூட்டத்துக்குப் பழகியவை அல்ல. குளிர்காலத்தில் பாதி நிலம் ஏரியாகிவிடும், அப்போது ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

மெட்லி நடைபாலத்தில் தேம்ஸ் ஆற்றைக் கடந்து மேற்குக் கரையில் வடக்கே திரும்புங்கள். முதலில் பின்ஸி. நாலைந்து வீடு, கூரை வேய்ந்த ஒரு பப், அரை மைல் உள்ளே தள்ளி மரத்தடியில் சின்னத் தேவாலயம். அதன் பக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் காவல் புனிதை ஃப்ரைட்ஸ்வைடு பேரில் உள்ள ஊற்றில் பார்வை திரும்பும் என்று நம்பி நெடுங்காலம் மக்கள் வந்தார்கள். ஆற்றோரம் திரும்பி வந்து மேலே நடந்தால் காட்ஸ்டோ. 12ஆம் நூற்றாண்டுப் பெண் துறவியர் மடத்தின் இடிபாடு. இரண்டாம் ஹென்றியின் காதலி ரோசமண்டை இங்கே புதைத்து, சமாதிக்கு விளக்கேற்றி வழிபட ஆரம்பித்தார்கள். 1191ல் வந்த பிஷப் ஹ்யூ அதைப் பார்த்துக் கொதித்துச் சமாதியைத் தேவாலயத்துக்கு வெளியே மாற்றச் சொன்னார். 1862 ஜூலை 4 அன்று கிரைஸ்ட் சர்ச்சின் கணித ஆசிரியர் சார்ல்ஸ் டாட்ஜ்ஸன் (லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுதியவர்), மூன்று சிறுமியரைப் படகில் ஏற்றி வந்ததும் இந்த காட்ஸ்டோவுக்குத்தான். வழியில் அவர்களில் ஒருத்தியான ஆலிஸுக்குச் சொன்ன கதை ‘அற்புத உலகில் ஆலிஸ்’ ஆகி உலகமெங்கும் போனது. பாலம் தாண்டினால் உல்வர்கோட். அங்கே சாப்பிட்டுவிட்டு ஊர் பஸ்ஸில் திரும்பிவிடலாம்.

காலில் தெம்பு மிச்சமிருந்தால் மாலையில் ஃபோலி பாலத்திலிருந்து தெற்கே ஆற்றோரம் முக்கால் மணி நேரம் நடந்து இஃப்ளிக்குப் போங்கள். கல்லூரிப் படகுகள் பயிற்சி செய்யும் நீட்சி இது. சைக்கிளில் விரட்டிக்கொண்டே ஒலிபெருக்கியில் கத்தும் பயிற்சியாளர்களுக்கு வழி விட வேண்டும். இஃப்ளி தேவாலயம் 1160களை ஒட்டியது. மேற்கு வாசலின் வளைவைச் சுற்றி அலகு நீண்ட பறவைத் தலைகள் வரிசையாகக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழும் என்பதால்தான் மாலையில் போகச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: மூன்றாம் நாள், விண்ட்ரஷ் ஆற்றோரக் கிராமங்கள்

ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே உள்ள குன்றுப் பகுதியான காட்ஸ்வால்ட்ஸ் என்றதும் எல்லாரும் பைபரி ஆர்லிங்டன் ரோ படத்தைக் காட்டுவார்கள். அழகான வீட்டு வரிசைதான். ஆனால் பகலில் டூர் பஸ் கூட்டத்தில் ஓடைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்க இடம் இருக்காது; அந்த வீடுகளில் குடியிருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். நான் சொல்லும் வழி பர்ஃபோர்டு, விட்ஃபோர்டு, ஸ்வின்ப்ரூக்.

முந்தைய இரவே இரண்டு விஷயம் பார்த்து வையுங்கள்: போகும் பஸ் நேரம், கடைசியாகத் திரும்பும் பஸ் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராம பஸ் அரிது, சில தடங்களில் இல்லவே இல்லை. நிறுத்தத்தில் சும்மா நின்றால் ஓட்டுநர் தாண்டிப் போய்விடலாம், கை நீட்ட வேண்டும். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மேற்கே சுமார் 20 மைலில் பர்ஃபோர்டு. மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் ஒரே பெரிய தெரு. கம்பளி வியாபாரத்தில் செழித்த ஊர் என்பது வீடுகளிலேயே தெரியும். கடைகளில் நேரத்தைச் செலவழிக்காமல் கீழ்க்கோடியில் உள்ள தேவாலயத்துக்குப் போங்கள். 1649 மே மாதம் கிராம்வெல்லின் படையில் கிளர்ந்தெழுந்த லெவலர்கள் (சம உரிமை கேட்ட குழுவினர்) சுமார் 340 பேரை இதற்குள் அடைத்து வைத்தார்கள். 17ஆம் தேதி மூவரைத் தேவாலய வளாகத்தில் சுட்டுக் கொன்றார்கள். மற்றவர்களைப் பார்க்க வைத்தார்கள். உள்ளே ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டைக் குனிந்து பாருங்கள். ‘அந்தோணி செட்லி 1649 கைதி’ என்று ஒருவன் கத்தி முனையால் கீறி வைத்திருக்கிறான், கைதி என்ற சொல்லில் எழுத்துப் பிழையோடு. அடுத்தது எட்மண்ட் ஹார்மன் நினைவுச் சின்னம். எட்டாம் ஹென்றியின் நாவிதர் அவர். 1569ஆம் ஆண்டு இட்ட அந்தக் கல்லில் அமெரிக்கப் பழங்குடியினர் உருவங்கள்; எதற்காக இந்தக் கிராமத்துக்கு வந்தன என்று நின்று யோசிக்க வைக்கும்.

பிறகு ஆற்றோரம் கிழக்கே நடை. மஞ்சள் அம்பு போட்ட கம்பம் நடைபாதை, நீலம் குதிரைப் பாதை. தனியார் வயலுக்குள் போனாலும் பாதையில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு; நீங்கள் திறந்த வாயிலை மட்டும் மூடிவிட்டுப் போக வேண்டும். அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே நடந்தால் வயலின் நடுவே தன்னந்தனியாக விட்ஃபோர்டு தேவாலயம். சுற்றியிருந்த கிராமமே மறைந்துபோய், புல்லில் மேடு பள்ளம்தான் மிச்சம். மின்சாரம் கிடையாது. கண் பழகியதும் சுவரில் 14ஆம் நூற்றாண்டு ஓவியம் மெல்லத் தெரியும்: மூன்று அரசர்கள், எதிரே மூன்று எலும்புக்கூடுகள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஸ்வின்ப்ரூக். தேவாலயத்தின் உள்ளே ஃபெட்டிபிளேஸ் குடும்பத்து ஆண்கள் ஆறு பேர், மூன்று அடுக்கு வீதம் இரண்டு தொகுதியாக, ரயில் பெர்த்தில் படுத்ததுபோல் கல்லில் ஒருக்களித்து முழங்கையை ஊன்றிக் கிடக்கிறார்கள். இடது தொகுதி 1613ஐச் சேர்ந்தது, விறைத்த உடம்பு. வலது தொகுதி 1686, அதே கிடைதான் என்றாலும் ஆடை மடிப்பும் முகமும் இளகியிருக்கின்றன. எழுபது ஆண்டில் சிற்பியின் கை எவ்வளவு மாறியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உஷார். கிராமத்து பப்களில் சமையலறை இரண்டு, இரண்டரை மணிக்குச் சாத்திவிடும், பிறகு மாலை ஆறுக்குத்தான். சேறான ஷூவோடு உள்ளே போகாதீர்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணீரும் பையில் இருக்கட்டும்.

நன்றாக நடப்பவர்கள் ஆஸ்தால் வழியாக மின்ஸ்டர் லவல் வரை போகலாம். ஆற்றங்கரையில் 15ஆம் நூற்றாண்டு மாளிகையின் இடிபாடு, நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கிருந்து பிரதான சாலைக்கு ஏறி விட்னி வழியாகத் திரும்பலாம். மற்றவர்கள் வந்த வழியே பர்ஃபோர்டுக்கு.

நான்காவது நாள் கிடைத்தால்

வடக்கே எட்டு மைலில் உட்ஸ்டாக், அதன் ஓரத்தில் பிளெனிம் அரண்மனை. 1704 போர் வெற்றிக்குப் பரிசாக மார்ல்பரோ டியூக்குக்குக் கட்டியது; 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில். அரை நாளாவது வேண்டும், டிக்கெட் விலை கடிக்கும். அரண்மனை அறைகளைவிட தோட்டக்கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுன் அமைத்த ஏரியும் பூங்காவும்தான் காசுக்குத் தகும். வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்தது இங்கே, 1874ல். அடக்கமானது பக்கத்துக் கிராமமான பிளேடனில், குடும்பத்தாருக்கு நடுவே எளிய கல்லறை. 1943 வங்கப் பஞ்சத்தை மறக்காத நமக்கு அங்கே மலர் வைக்கத் தோன்றாமல் போகலாம், பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிளேடனுக்குப் பஸ் குறைவு. உட்ஸ்டாக்கிலேயே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.